நிறுத்தும் பட்டனுக்கு நான் எழுதிய பதில்

வீட்டிலேயே மிஷின் கட்டும் நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். மோட்டார் ஒரு மில்லிமீட்டர் நகர எத்தனை துடிப்பு அனுப்ப வேண்டும், வேகத்தை எதுவரை ஏற்றலாம், பழைய கம்ப்யூட்டர் போதுமா, புதிது வேண்டுமா. இதற்கெல்லாம் பதில் இணையத்தில் கிடைக்கிறது. என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றை. பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டில் நடந்தது இது. தப்பு செய்தவன் நான். அந்த வீட்டம்மாவிடம் கேட்டு, அவர் எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன இன்ஜினியரிங் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தேன். லேத், மில்லிங் என்று எல்லாம் கம்ப்யூட்டர் வைத்த மிஷின்கள். அவற்றின் மூளை பூட்டிய பெட்டி மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரிந்தாலும் தொட முடியாது. ஒரு சின்ன மாற்றத்துக்கும் மிஷின் செய்த கம்பெனியிலிருந்து ஆள் வர வேண்டும். ரிட்டயர் ஆன பிறகுதான், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருக்கும் இந்த சாஃப்ட்வேர் எனக்கு அறிமுகம். மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எந்தக் கம்பியில் என்ன சிக்னல் வரும், எது வந்தால் மிஷின் நிற்க வேண்டும், எல்லாமே சாதாரண எழுத்தாக இரண்டு ஃபைலில் இருக்கிறது. ஒரு வரியை மாற்றினால் மிஷின் அதன்படி நடக்கிறது. முப்பது வருஷம் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவனிடம் சாவியைக் கொடுத்தது போல இருந்தது. அந்த சந்தோஷத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கம்பெனியில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மிஷினின் கதவு ஸ்விட்சோ வேறு ஏதாவது பாதுகாப்பு ஸ்விட்சோ கெட்டுப்போய், அதைத் தாண்டி மிஷினை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தால், இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவோம். அந்த ஒயர் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், ஒரு முழ நீளமாவது இருக்க வேண்டும், பேனலுக்கு வெளியே தொங்க வேண்டும். பார்க்கிறவர்கள் கண்ணில் படுவதற்காக. ஒருமுறை நான் வேலையை முடித்து, டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த லேத்தை ஓட்டுகிறவர் என் வயதுக்காரர், அதிகம் படிக்காதவர். பின்னாலேயே வந்து என் தோளைத் தொட்டார்.

"இன்னா சார், செவப்பு ஒயரு அப்பிடியே தொங்கிகினு கீது. இத்த கயட்டாம போனா நான் எப்பிடி மிஷினாண்ட நிப்பேன்?"

திரும்பிப் போய்க் கழற்றினேன். அவர் கதவைத் திறந்து மூடி, மிஷின் நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார். அவருக்கு மின்சுற்று தெரியாது. ஆனால் அவர் உடம்புதான் அந்த மிஷினுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கப் போகிறது. அதனால் அவருக்கு எது முக்கியம் என்று தெரிந்திருந்தது.

அருளும் ஸ்டெல்லாவும் எனக்குப் பழக்கமானது நான் ரிட்டயர் ஆகி இரண்டாவது வருஷம். அருள் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் லேப் இன்ஸ்ட்ரக்டர். நிதானமான ஆள். ஒரு ஸ்க்ரூவை முடுக்கினால் அதன் தலையில் பேனாவால் ஒரு கோடு போடுவார், பிறகு தளர்ந்தால் தெரியும் என்று. ஸ்டெல்லா டிராஃப்டிங் படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். மகள் பெரியவளாகி ஹாஸ்டலுக்குப் போனதும், கதவுப் பலகை, பெயர்ப் பலகை, பூஜை அறைக்குச் சல்லடை மாதிரி ஜாலித் தடுப்பு, சர்ச்சுகளுக்கு மரச் சிற்பப் பலகை எல்லாம் தானே வரைந்து தானே வெட்டித்தர வேண்டும் என்று ஆசைப்பட்டார். மிஷின் அவருடைய யோசனை. அதைக் கட்டியது அருள். கார் நிற்க வேண்டிய ஷெட்டில் அலுமினியச் சட்டமும் ஸ்க்ரூ ராடும் மோட்டாருமாக எட்டு மாதம் உழைத்து நிமிர்த்தியிருந்தார். நான்கடிக்கு நான்கடி மேஜை. அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஒரு பாலம். பாலத்தில் தொங்கும், மரத்தைக் குடையும் ஸ்பிண்டில்.

சாஃப்ட்வேரை அமைத்துக்கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான்கு வாரம், சனிக்கிழமைதோறும் போனேன். ஸ்டெல்லா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாம் கேட்பார். அருள் கம்பிகளுக்கு எண் ஒட்டி, நோட்டில் வரைந்து வைப்பார். எனக்கு அந்த வீடு பிடித்துப்போனது.

அந்த மிஷினில் ஒரு பெரிய சிவப்பு பட்டன் இருந்தது. எங்கே எது நடந்தாலும் அதை அடித்தால் மிஷின் நிற்க வேண்டும். அது இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, காண்டாக்டர் என்ற பெரிய மின் ஸ்விட்ச் வழியாக மோட்டார்களுக்குப் போகும் கரன்ட்டையே துண்டிக்க வேண்டும். இரண்டு, சாஃப்ட்வேருக்கும் சொல்ல வேண்டும். காண்டாக்டர் வாங்கி வைத்திருந்தோம். மாட்டவில்லை. அருள் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். முதலில் மிஷின் ஓடட்டும், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை சாஃப்ட்வேர் நிறுத்திவிடும் என்று நான்தான் சொன்னேன். ஆக, அந்த பட்டன் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது.

நான்காவது சனிக்கிழமை முதல் உண்மையான வேலை. அவர்கள் போகும் சர்ச்சின் அறுவடைப் பண்டிகைக்கு ஒரு தேக்குப் பலகை. திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் ஸ்டெல்லா கையால் வரைந்தது. மறுநாள் காலை ஆராதனையில் வைக்க வேண்டும். வெட்டத் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, மிஷின் தானாக நின்றது. திரையில் பார்த்தால், யாரோ சிவப்பு பட்டனை அடித்ததாகக் காட்டுகிறது. யாரும் தொடவில்லை. ஸ்பிண்டிலுக்கு வேகம் கொடுக்கும் இன்வெர்ட்டரிலிருந்து கிளம்பும் மின் இரைச்சல், பக்கத்தில் ஓடும் பட்டன் கம்பியில் ஏறிப் பொய்ச் சிக்னல் கொடுத்திருக்கிறது. நின்ற இடத்தில் பலகையில் ஒரு வடு. அந்தப் பலகை போனது. இரண்டாவது பலகை பாதியில் அதே மாதிரி போனது. மீதி ஒன்றுதான் இருந்தது.

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கம்பியைப் பிரித்து வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டும், இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை போட்ட கேபிள் மாற்ற வேண்டும், காண்டாக்டரை மாட்ட வேண்டும். அரை நாள் வேலை. பலகை அன்றைக்கே வேண்டும். ஸ்டெல்லா கெட்டுப்போன பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அருள் என்னைப் பார்த்தார்.

நான் செய்ததை எளிமையாகச் சொல்கிறேன். அந்த சாஃப்ட்வேர் ஓயாமல் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்: நிறுத்தும் பட்டன் சரியாக இருக்கிறதா? பட்டனிலிருந்து வரும் கம்பி, ஆமாம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கம்பி அறுந்தாலோ பட்டனை அடித்தாலோ பதில் வராது, மிஷின் நிற்கும். நான் ஃபைலைத் திறந்து, கேள்வியையே பதிலாகத் திருப்பிவிடும்படி ஒரு வரி எழுதினேன். அதன் பிறகு சாஃப்ட்வேர் கேட்கும், தனக்குத்தானே ஆமாம் என்று சொல்லிக்கொள்ளும். பட்டன் அந்தப் பேச்சில் இல்லை. இது ஒரு நிமிஷ வேலை. பலகை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்துச் செய்தேன். அவர்களிடம், இரைச்சலுக்கு ஒரு வழி செய்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது பலகை நிற்காமல் ஓடியது. கால் மணி நேரம் ஆனதும் ஸ்டெல்லாவுக்கு முகம் தெளிந்தது. அப்போது கேட்டார்.

"சார், அந்த செவப்பு பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாக்கட்டுமா? நின்னுச்சுன்னா எனக்கு ஒரு தைரியம்."

"இப்ப வேணாம்மா. நடுவுல நின்னா பலகை போயிடும். நான் பாத்துட்டேன்."

நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னது பொய் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்ற அர்த்தத்தில் சொன்னதாக மனது சமாதானம் செய்துகொண்டது. பலகை அழகாக வந்தது. ஸ்டெல்லா பிரஷ்ஷால் தூசியைத் தட்டத் தட்ட ஒவ்வொரு கதிராக எழுந்து வந்தது. சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் பெருங்களத்தூர் வந்து சேர்ந்தேன். அந்த வரி அப்படியே இருந்தது.

ஏன் மறந்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உடம்பு சரியில்லை, அவசர வேலை வந்தது என்று சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மிஷின் நன்றாக ஓடியது, அதனால் மறந்தேன். கம்பெனியாக இருந்தால் சிவப்பு ஒயர் தொங்கியிருக்கும். யாராவது தோளைத் தொட்டிருப்பார்கள். ஃபைலுக்குள் இருக்கும் ஒரு வரி எங்கேயும் தொங்குவதில்லை.

மறந்தேன் என்பதும் முழு உண்மையில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணத்துக்குச் செங்கல்பட்டு போனேன். பெருங்களத்தூரில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் சட்டென்று ஞாபகம் வந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. நான் வரும்வரை மிஷினை ஓட்டாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று ஸ்டெல்லா கேட்பார். நான் பார்த்துட்டேன் என்று சொன்னீர்களே என்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று போனைத் தொடாமல் இருந்தேன். அந்தச் சனிக்கிழமை மழை. அடுத்த வாரம் போகலாம் என்று விட்டேன். இதில் எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம், அந்த ரயிலில் நான் உட்கார்ந்திருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அருள் போன் செய்தார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. ஸ்டெல்லாவுக்குக் கையில் அடிபட்டுவிட்டது, தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றார். போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். அருளின் சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார்.

ஒரு பெயர்ப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்று தளர்ந்து பலகை எழும்பியது. ஸ்டெல்லா இடது கையால் பலகையின் ஓரத்தை அமுக்கிக்கொண்டே வலது கையால் பட்டனை அடித்தார். அது சரியான முறை இல்லை. கையை எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஆனால் பட்டனை அடித்தால் நிற்கும் என்று நம்புகிறவர் அப்படித்தான் செய்வார். மிஷின் நிற்கவில்லை. எழும்பிய பலகையை அந்தப் பாலம் தள்ளிக்கொண்டே வந்தது, மேஜை ஓரத்துச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது. ஸ்க்ரூவில் ஓடும் பாலம் எதற்கும் விட்டுக்கொடுக்காது. ஸ்டெல்லா பட்டனைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். கல்லூரி லீவு என்பதால் அருள் வீட்டில் இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

டாக்டர் வெளியே வந்து, சுண்டுவிரலை நடுக்கணுவுக்கு மேல் காப்பாற்ற முடியவில்லை என்றார். மோதிர விரல் எலும்பு நொறுங்கியிருக்கிறது, கம்பி வைத்திருக்கிறோம், சேரும், ஆனால் மடங்குவது சந்தேகம்.

அருள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னது இது: "பட்டன் வேலை செய்யல சார். என் ஒயரிங்தான். எங்கயோ லூஸா வுட்டுட்டேன்."

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் ஒரு சாவியைக் கொடுத்து, ஷெட்டில் மிஷினைப் பார்த்துவிட்டு எது தப்பு என்று சொல்லுங்கள் என்றார். போனேன். மேஜையை யாரும் துடைத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு ஃபைலைத் திறந்தேன். நான் எழுதிய வரி இருந்தது. அதை அழித்தேன். பழைய வரியை எழுதிச் சேமித்தேன். பட்டனை அடித்துப் பார்த்தேன். உடனே திரையில் சிவப்பு விளக்கு வந்தது. மல்டிமீட்டர் வைத்து அருளின் கம்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு முனையில்கூடத் தளர்ச்சி இல்லை. எல்லா ஸ்க்ரூ தலையிலும் அந்தப் பேனாக் கோடு நேராக இருந்தது. பிறகு ஒரு துணி எடுத்து மேஜையைத் துடைத்தேன்.

மறுநாள் அருளிடம், உங்கள் ஒயரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பிறகு ஏன் நிற்கவில்லை என்று கேட்டார். தெரியவில்லை, இரைச்சலாக இருக்கலாம் என்றேன். என் ஆறுதலுக்காகச் சொல்கிறீர்கள் சார் என்றார். அவர் நம்பவில்லை. நான் சொன்னதில் ஒன்று உண்மை, ஒன்று பொய். அவர் உண்மையைப் பொய் என்று எடுத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் அப்படியே இருந்தேன். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன், பிறகு வீட்டுக்கும் போனேன். பழம் வாங்கிப் போனேன். ஸ்டெல்லாவின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் முன்னால் அருள் கையைக் கட்டிக்கொண்டு, என் கவனக்குறைவுதான் மாமா என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சொன்னால் விரல் திரும்ப வராது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த ஃபைலைப் படிக்கத் தெரிந்தவன் அந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். அருள் வாரம் ஒருமுறை எல்லா ஃபைலையும் பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கிறவர், என்றைக்காவது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

ஒன்பதாவது நாள் அருள் தன் துறைத் தலைவருக்கு எழுதிய ஒரு கடிதத்தை என்னிடம் காட்டினார். ஆங்கிலம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றார். எலக்ட்ரானிக்ஸ் லேபிலிருந்து தன்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றும்படி கேட்டிருந்தார். மாணவர்கள் கை வைக்கும் கருவிகளுக்கு ஒயரிங் செய்யும் தகுதி தனக்கில்லை என்று எழுதியிருந்தார். பதினாறு வருஷம் அந்த லேபில் இருந்தவர்.

கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தேன். ஸ்டெல்லாவையும் கூப்பிடச் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையைத் தோளில் தொங்கவிட்டபடி வந்து உட்கார்ந்தார். எப்படித் தொடங்குவது என்று நான் ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

"பட்டனை நான்தான் கழட்டி வச்சேன். கம்பியில இல்ல, ஃபைல்ல. அந்தப் பலகை வெட்டுன அன்னிக்கு. திரும்பப் போடல. அருள் ஒயரிங்ல ஒரு தப்பும் இல்ல."

மீதியையும் சொன்னேன். ரயிலில் ஞாபகம் வந்ததை, ஷெட்டில் அழித்ததை, ஒன்பது நாளை. அருள் கடைசிவரை கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஸ்டெல்லா தன் கையைப் பார்த்தார். "நான் கேட்டேனே சார், அழுத்திப் பாக்கட்டுமான்னு," என்றார். குரலில் கோபம் இல்லை. ஞாபகம் சரிதானா என்று கேட்கிறவர் மாதிரி கேட்டார். ஆமாம் கேட்டீங்க என்றேன். பிறகு, "நீங்க இப்ப போங்க சார்," என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடியபோது உள்ளே அருள் அழுவது கேட்டது. ஆஸ்பத்திரியில்கூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் அவர்களிடமிருந்து எதுவும் வரவில்லை. நானும் போகவில்லை. அந்தக் கடிதத்தை அருள் கொடுக்கவில்லை என்றும் லேபிலேயே இருக்கிறார் என்றும் வேறொருவர் மூலம் தெரிந்துகொண்டேன். போலீஸ், வழக்கு என்று வந்தாலும் ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. வந்தது ஸ்டெல்லாவின் போன்.

"மிஷினைத் திரும்ப ஓட்டப் போறேன் சார். அந்த ஃபைலை எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுங்க. ஒரு வரி விடாம. எனக்குத் தெரியாத வரி ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது."

நான்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். காண்டாக்டரை அருளே மாட்டியிருந்தார், பட்டன் இப்போது கரன்ட்டையே துண்டிக்கிறது. பட்டன் கம்பி உறை போட்ட கேபிளில் தனி வழியாகப் போகிறது. நான் இருக்கும் நேரத்தில் அருள் ஷெட்டுக்கு வரமாட்டார். இன்றுவரை அவர் என்னை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். அது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டெல்லா திரையைப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் நிறுத்துவார். இது எதுக்கு, இதை எடுத்தா என்ன ஆகும், யார் போட்டது. சாதாரணத் தமிழில் தனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். அந்த சாஃப்ட்வேரில் வரியின் முதலில் ஒரு குறி போட்டுவிட்டால் மிஷின் அந்த வரியைப் படிக்காது, மனிதர்கள் படிக்க மட்டும். வலது கையாலும் இடது கையின் மூன்று விரலாலும் தட்டச்சு செய்தார். மோதிர விரல் விறைப்பாகத் தூக்கியபடி இருந்தது. அது கீ மேல் பட்டுத் தப்பெழுத்து விழும், பொறுமையாக அழித்துத் திரும்ப எழுதுவார். நான் எழுதித்தரவா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்றார்.

நான்காவது ஞாயிறு நிறுத்தும் பட்டனின் வரிக்கு வந்தோம். அதைக் கடைசிக்கு என்று அவர்தான் ஒதுக்கி வைத்திருந்தார். பட்டன் எப்படிக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று விளக்கினேன். நான் அன்றைக்கு என்ன எழுதினேன் என்று காட்டச் சொன்னார். அதைத் திரும்ப எழுதிக் காட்டினேன். கையெழுத்துப் பிரதியைப் பார்ப்பது போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தார். பிறகு ஃபைலின் உச்சிக்குப் போனார். எந்தத் தேதியில் எழுதினேன் என்று கேட்டார், சொன்னேன். எந்தத் தேதியில் எடுத்தேன் என்று கேட்டார், அதையும் சொன்னேன்.

"உங்க முழுப் பேரு என்ன சார்?"

தணிகாசலம் என்றேன். இனிஷியல் கேட்டார். அதையும் சொன்னேன்.

அவர் மூன்று வரி எழுதினார். இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை நிறுத்தும் பட்டன் இந்த மிஷினில் இணைக்கப்படவில்லை. இணைப்பை எடுத்தவர் ஆர். தணிகாசலம். ஓட்டியவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. சேமித்துவிட்டு, மிஷினை ஓடவிட்டு, பட்டனை அடித்தார். நின்றது. விடுவித்துத் திரும்ப அடித்தார். நின்றது. அவருக்குப் போதும் என்று தோன்றும்வரை அடித்தார். நான் எண்ணவில்லை.

உங்களில் மிஷின் கட்டுகிறவர்களுக்குத் தொடக்கத்துக்கு என்று நான் கொடுக்கும் ஃபைல் ஸ்டெல்லாவுடையதுதான். அவர் அனுமதியோடு நகல் எடுத்தது. அதைப் போலத் தெளிவாகக் குறிப்பு எழுதிய ஃபைல் என்னிடம் வேறு இல்லை. உங்கள் மோட்டாருக்கும் உங்கள் மேஜைக்கும் ஏற்றபடி எந்த எண்ணை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள். உச்சியில் இருக்கும் அந்த மூன்று வரியையும் அழித்துவிடலாம், மிஷினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இதுவரை யாரும் அழித்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் போகும் ஷெட்டுகளில் எல்லாம், ஃபைலைத் திறந்ததும் முதலில் என் பெயர்தான் வருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கீழே போகிறேன்.